கிடாரிப்பட்டி மலையில் ஆடு போன வழி

மதுரையில் இருப்பவர்களிடம் மலைக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள், உடனே கொடைக்கானல் என்பார்கள். யானைமலை, நாகமலை, அழகர்மலை, கொஞ்சம் தள்ளிச் சிறுமலை என்று ஊரைச் சுற்றி இத்தனை கிடந்தாலும் அதெல்லாம் நமக்குச் சாமி கும்பிடப் போகிற இடம், இல்லையென்றால் பஸ் ஜன்னலில் பார்க்கிற இடம். கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். அது ஒன்றும் பெரிய வேலையில்லை, ஆனால் பங்குனி மாதச் சனிக்கிழமை மலைச் சாலையில் கார்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போய் ஏரியைச் சுற்றி வருவதற்கு எனக்குச் சத்தியமாக இஷ்டமில்லை. அதனால் கிடாரிப்பட்டி.

அழகர்கோயிலிலிருந்து மேலூர் போகும் சாலையில் இருக்கிறது. அழகர்மலையின் கிழக்குச் சரிவு. நாங்கள் ஐந்து பேர். அதில் ஒருவன் தேனிக்காரன், போடி பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறு எதையும் மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டான். அடிவாரத்தில் பைக்கை நிறுத்தி அண்ணாந்து பார்த்தவுடனேயே ஆரம்பித்துவிட்டான். "இதுக்காடா காலைல நாலரைக்கு எழுப்புனீங்க? எங்க ஊர்ல இதைக் கரடும்போம் மாப்ள."

சரி, கரடாகவே இருக்கட்டும். ஆனால் பங்குனியில் ஒரு கரட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். ஊர் எல்லையில் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது, அந்த வாசம் ரொம்ப தூரம் கூடவே வந்தது. புங்கை துளிர் விட்டு நின்றது. மேலே போகப் போகப் பாதி மரங்கள் இலையே இல்லாமல் குச்சியாக நிற்க, நடுநடுவே வெட்பாலை மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மற்றபடி கள்ளி, உசிலை, காரை, பேர் தெரியாத முள். எங்கேயோ மயில் கத்திக்கொண்டே இருந்தது, கடைசிவரை கண்ணில் படவில்லை.

ஏற்றம் கடினமில்லை, மலையில் இருக்கிற குகைக்கு எல்லோரும் போய் வருகிற வழிதான். ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். இயற்கையான பெரிய பாறைக் குகை, உள்ளே தரையில் வரிசையாகக் கல்லிலேயே செதுக்கிய படுக்கைகள், தலைமாட்டில் லேசாக உயர்த்திவிட்ட தலையணை உட்பட. சமண முனிவர்கள் தங்குவதற்காக 2000 ஆண்டுகளுக்கு முன்பே வெட்டிக் கொடுத்தது. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே கல் குளிர்ந்து கிடந்தது. படுத்துப் பார்த்தால் நம் உயரத்துக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

எங்களில் ஒருவர் வரலாற்று வாத்தியார், அவர் இல்லையென்றால் பாறையில் உள்ள கீறல்களை யாரோ காதலர்கள் கிறுக்கியது என்று நினைத்து வந்திருப்போம் (அந்தக் கிறுக்கல்களும் இல்லாமல் இல்லை). அவை தமிழ் பிராமி எழுத்துகள், தமிழை எழுதிய மிகப் பழைய வடிவம். யார் யார் தானம் கொடுத்தார்கள் என்ற விவரம். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்றவன், கலப்பைக்குக் கொழு விற்றவன், அறுவை வணிகன், அதாவது துணி வியாபாரி. ராஜா பேரைத் தேடினேன், இந்த வரிசையில் காணோம். எல்லாம் கடைத்தெரு ஆட்கள். மொய் நோட்டுதான் இது, கல்லில் எழுதியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, வட்டெழுத்து என்கிற பிற்காலத் தமிழ் எழுத்தில், அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயரும் இங்கே வெட்டப்பட்டிருக்கிறது. இதே மனிதரின் பெயர் யானைமலையிலும் கருங்காலக்குடியிலும் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் இருக்கிறது. கீழக்குயில்குடியில் அவருடைய அம்மா குணமதியார் செய்வித்த சிற்பம்கூட உண்டு. பைக் இல்லை, பஸ் இல்லை, மதுரையைச் சுற்றி மலை மலையாக நடந்திருக்கிறார் என்று வாத்தியார் சொன்னபோது தேனிக்காரன் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டான்.

குகை வாசலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். கீழே மேலூர்ப் பக்கத்து வயல்கள், அறுப்பு முடிந்து வெறுமனே கிடந்தன, பெரியாற்றுத் தண்ணீரை நம்பிய ஒருபோக நிலம். அங்கங்கே தென்னந்தோப்பு, கிரானைட் குவாரிகளின் வெள்ளைக் குழிகள். தூரத்தில் யானைமலை புழுதியில் மங்கலாகத் தெரிந்தது.

குகைக்கு மேலே காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, அதனால் மேலே ஏறும் பேச்சே எழவில்லை. பேச்சு எழுந்தது இறங்குவதைப் பற்றி. வந்த வழியே இறங்குவதா என்று தேனிக்காரனுக்கு ஒரே சலிப்பு. பக்கவாட்டில் மலைத்தோளை ஒட்டித் தெளிவாக ஒரு பாதை போனது. மிதித்து மிதித்து மண் வெளுத்த பாதை. அதைப் பிடித்துச் சுற்றிப் போனால் அந்தப் பக்கம் ஓடை, ஓடை வழியே ரோடு. செல்போனில் பார்த்தால் ரோடு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. எல்லோருக்கும் சரியென்று பட்டது.

முதல் கால் மணி நேரம் ராஜபாட்டை. அப்புறம் பாதை இரண்டாகப் பிரிந்தது. கீழே போவதை எடுத்தோம். அது மூன்றாகப் பிரிந்தது. ஒன்று பாறையில் போய் முடிந்தது, ஒன்று ஒரு காரைப் புதருக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது, அந்தப் புதருக்குள் இடுப்பளவு உயரம் உள்ள எதுவும் நுழைய முடியாது. அங்கேதான் எனக்கு மெல்ல உறைத்தது. காட்டில் வழி இல்லாமல் தொலைந்துபோவது மேற்கு மலைகளில் நடக்கும் கதை. நம் ஊர் வறண்ட மலையில் வழி நிறைய இருக்கிறது, எல்லாமே நன்றாக மிதிபட்ட வழி, எல்லாமே நம்பும்படி இருக்கிறது. எதுவும் நம்மைப்போல இரண்டு காலில் நடப்பவர்களுக்கானது இல்லை.

திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் பார்க்கும்போது வந்த பாதை எதுவென்று தெரியவில்லை. மேலிருந்து பார்க்கும்போது ஒன்றாகத் தெரிந்த பாதை கீழிருந்து பார்த்தால் நாலாகத் தெரிகிறது. சிக்னல் நாலு கோடு முழுசாக இருந்தது, மேப்பில் நீலப் புள்ளி அழகாகத் துடித்துக்கொண்டிருந்தது, ரோடு இதோ என்றது. ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ரெண்டு பனை உயரத்துக்குப் பாறை நேராக இறங்குகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சூரை முள் பின்னோக்கி வளைந்தது, உள்ளே போகும்போது ஒன்றும் செய்யாது, பின்வாங்கும்போதுதான் பிடிக்கும். இண்டங்கொடி மேலிருந்து தொங்கும், கொடி முழுக்கச் சின்னச் சின்ன முள், இழுக்க இழுக்க இறுக்கும். வாத்தியாரின் கண்ணாடியை அது கழற்றி எடுத்துக்கொண்டது, ஆடாமல் நின்று ஒவ்வொரு முள்ளாக விடுவித்துத்தான் திரும்பப் பெற முடிந்தது. பேங்க்கில் வேலை பார்க்கும் நண்பனுக்கு ஷூவின் அடிப்பாகம் சுட்ட பாறையில் பசை இளகி வாய் பிளந்தது. துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நடந்தான். பாறைமேல் சரளை, சரளைமேல் சருகு, எங்கே கால் வைத்தாலும் வழுக்கியது. பத்தரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. இருந்த தண்ணீரில் முக்கால்வாசி காலி. யார் சொல்லி இந்தப் பக்கம் வந்தோம் என்ற விசாரணை ஆரம்பமாகி, ஒருவர்மீது ஒருவர் பழி போட்டு, வாத்தியாரே சத்தம் போடும் அளவுக்குப் போனது.

ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தபோது எங்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தான். தீப்பெட்டியை உரசுவதற்குள் தேனிக்காரன் பாய்ந்து பிடுங்கிவிட்டான். அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்தவன் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அது அவன் ஊர்ப் பக்கம். கிட்டத்தட்ட இதே நாட்கள், இதே காய்ந்த புல். காற்று மேலே ஏறும்போது சரிவில் தீயும் மேலேதான் ஏறும், மனுஷனால் அதைவிட வேகமாக மேட்டில் ஓட முடியாது என்று மட்டும் சொன்னான். சிகரெட் பாக்கெட் அவன் பையிலேயே இருந்தது, ஊர் வந்து சேரும்வரை கொடுக்கவில்லை. அந்தச் சண்டையும் அதோடு நின்றது.

பிறகு மணிச்சத்தம் கேட்டது. ஆட்டு மணி. வெள்ளாடுகள் பாறை இடுக்கில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன, பின்னாலேயே தோளில் தொரட்டிக் கம்போடு ஓர் அப்பத்தா வந்தார். எங்களைப் பார்த்து அவருக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை.

"எங்கிட்டுய்யா போறீக? அங்கிட்டுப் பாறை. ஆடே எறங்காது."

பாதை பிடித்துத்தான் வந்தோம் அப்பத்தா என்றேன். சிரித்தார். "இது வெள்ளாட்டு வழிய்யா. திங்கப் போற வழி. வீட்டுக்குப் போற வழியில்ல."

அவர் பேசிக்கொண்டே முன்னால் நடக்க, செருப்புக்கூட இல்லாமல், நாங்கள் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம். வெள்ளாடு தழை தின்னும், அதனால் அதன் வழி முள்ளுக்குள்ளும் பாறைமேலும் ஏறி இறங்கும். செம்மறி தரையில் புல் மேய்வது, அதன் வழி மட்டமாகவே போகும், ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் கிடக்கும். மனுஷ வழி வேண்டுமென்றால் கீழே பார்க்காதே, மேலே பார் என்றார். விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் இறங்குகிற வழியில் தலைக்கு மேலே கிளை நீட்டிக்கொண்டிருக்காது, கட்டு இடிக்குமென்று அரிவாளால் கழித்துவிட்டிருப்பார்கள். அவர் காட்டிய பிறகு பார்த்தால், ஆமாம், உசிலைக் கிளைகள் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே ஒரே சீராக வெட்டுப்பட்டு நின்றன. காலடியில் பாதையே தெரியவில்லை, புல் மூடியிருந்தது. மேலே மட்டும் ஒரு சந்து திறந்து கிடந்தது.

ஏன் மூடிப்போச்சு என்று கேட்டதற்கு, "கேஸு வந்துருச்சுல்ல, எவ விறகுக்கு வாரா" என்றார். வந்தாலும் மலைக்கு ஏற வேண்டியதில்லை, கண்மாய்க்குள்ளேயே சீமைக்கருவேலம் வேண்டிய மட்டும் கிடைக்கிறதாம். அவர் சின்ன வயதில் விடியலுக்கு முன்னால் பெண்கள் கூட்டமாக ஏறி வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவார்களாம். ஆக, மனுஷ வழிகள் ஒவ்வொன்றாக அழிந்து ஆட்டு வழிகள் மட்டும் மிஞ்சியிருக்கிற மலை இது. அடுப்படியில் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு கேஸ் வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எந்தப் புத்தகத்திலும் எந்த மேப்பிலும் ஏறாத ஒரு பாதை இப்படி வெட்டுப்பட்ட கிளைகளாக மட்டும் மிச்சமிருப்பதைப் பார்த்தது, குகைக் கல்வெட்டைப் பார்த்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்று எனக்குப் பட்டது. அங்கே உப்பு வணிகன் பேர் இருக்கிறது. இங்கே ஒருத்தி பேரும் இல்லை.

ஓடை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். இதுக்குள்ளேயே போங்க, வேறெங்கும் ஏறாதீங்க என்றார். சாயங்காலத்துக்கு மேல் இந்தப் பக்கம் காட்டுமாடு தண்ணிக்கு இறங்கும் என்று சொன்னதை இறங்கி முடித்த பிறகு சொல்லியிருக்கலாம். பேங்க்காரன் பணம் எடுத்து நீட்டினான், கோபம் வந்துவிட்டது அவருக்கு. "வழி சொல்றதுக்குக் காசா? அந்தக் காலிப் பாட்டிலக் குடு." இரண்டு பாட்டிலும் மிச்சமிருந்த கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டு ஆடுகளைத் திட்டியபடி திரும்பி ஏறிவிட்டார்.

ஓடை மணலில் நடந்து, வாழைத்தோட்டம் ஒன்றைக் கடந்து, ரோட்டுக்கு வரும்போது மணி ஒன்று ஆகியிருந்தது. பைக் நின்ற இடம் அங்கிருந்து இன்னும் ரொம்ப தூரம். வழியில் மோர் விற்றவரிடம் பானையையே காலி செய்தோம். அழகர்கோயிலுக்குப் போய்க் கோயில் தோசை வாங்கினோம், மிளகு போட்ட, கனமான, உளுந்து மணக்கிற அந்தத் தோசைக்காக இன்னொரு தடவை முள்ளுக்குள் போகச் சொன்னாலும் போவேன். தேனிக்காரன் ஒன்றுக்கு இரண்டாகத் தின்றுவிட்டு, இது கரடுதான், ஆனால் கெட்ட கரடு என்று தீர்ப்பு சொன்னான்.

போக நினைப்பவர்களுக்கு: ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தால் எட்டரைக்குள் நிதானமாகப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம், வந்த வழியே. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை, தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுக்காதீர்கள். காட்டுக்குள்தான் நடக்க ஆசை என்றால் வனத்துறையே 2024-இல் தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்திருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு போகலாம். அப்புறம் ஷூ. பசை போட்டு ஒட்டியதாக இருந்தால் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் கொடுத்துச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள்.