ஏன் கண்ணு, பஸ்ஸுக்குக் காசு இல்லையா?

போன மாதம் ஒரு வாரம் லீவு போட்டேன். ஊருக்குப் போகவில்லை, கல்யாணம் காட்சியும் இல்லை, ஏற்காடு மலையில் சைக்கிள் ஏற்றிப் பழகத்தான். வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டார். அங்கே பாத்திரம் உருண்ட சத்தத்தில் பதில் கிடைத்துவிட்டது.

கியர் சைக்கிள் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. அந்த லீவு வரை பைபாஸில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவேன், எதிர்க்காற்று அடித்தாலே புலம்புகிற ரகம். சேலத்தில் இருந்துகொண்டு மலை ஏறாதவன், இங்கேயே இருந்துகொண்டு பாட்டிலில் மாம்பழ ஜூஸ் வாங்கிக் குடிப்பவன் மாதிரி என்று ஒரு நண்பன் கிண்டல் செய்ததில் ரோஷம் வந்துவிட்டது.

கோரிமேடு தாண்டினால் அடிவாரம் செக்போஸ்ட். அங்கிருந்து ஏரி வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்குக் கிட்ட ஏற்றம். அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயர்கிறோம், அவ்வளவுதான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வருகிற ஆல்ப் துவெஸ் மலையில் 21 வளைவுகள், 13.8 கிலோமீட்டர், அங்கே நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயர வேண்டும். ஒரு வளைவுதான் நமக்குக் குறைச்சல் என்று திங்கட்கிழமை விடியற்காலை நான் நினைத்துக்கொண்டு கிளம்பியதை இங்கே மறைக்கப் போவதில்லை.

செக்போஸ்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று எழுந்து நின்று மிதித்தேன். வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் காட்டியது. இரண்டு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, மூச்சு வாய் வழியாக, காது வழியாக எல்லாம் போக ஆரம்பித்தது. வழியில் இருக்கிற 60 அடி பாலம் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை நின்றேன். மூன்றாவது தடவை நின்ற இடத்தில் ஒரு பாட்டி கூடையில் கொய்யாவும் பட்டர் ஃப்ரூட்டும் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார், இறுக்கமான கால்சட்டையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நிஜமான அக்கறையோடு கேட்டார், "ஏன் கண்ணு, பஸ்ஸுக்குக் காசு இல்லையா?"

செவ்வாய்க்கிழமை முழங்காலின் முன்பக்கம் வலி. சீட்டைத் தாழ்வாக வைத்திருந்தால் அங்கேதான் வலிக்குமாம். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள்கிறதா என்று பார்த்தேன். நீளவில்லை. ஐந்து மாதமாக முக்காலியில் உட்கார்ந்து மிதித்திருக்கிறேன்! இரண்டு விரல்கடை உயர்த்தினேன், வலி மெல்ல விட்டது.

அந்த வாரத்தில் உருப்படியாக நடந்தது என்றால் புதன்கிழமைதான். பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பின்சக்கரத்துப் பற்களை எண்ணிவிட்டு, "இது ரேஸ்காரனுக்குப் போடறது தம்பி, உனக்கு எதுக்கு?" என்றார். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28. பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி இரண்டரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். என் காலுக்கு அந்த ஒன்பதே அதிகம், ஆகவே சுற்று நாற்பதுக்கு விழுந்து, ஒவ்வொரு மிதியும் உரலில் உலக்கை போடுவது போல ஆகிவிடுகிறது. பின்னால் பெரியதில் 34 பல் இருக்கிற கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, மாட்டினால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான், அதே அறுபது சுற்றுக்கு ஏழரை கிலோமீட்டர். மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்க்கொண்டே இருக்கும். செயினைப் பல் மாற்றிவிடுகிற டெரெய்லரையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்ததால் பர்ஸ் நன்றாகவே இளைத்தது. சைக்கிள் வாங்கிய கடையில் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். அங்கே பெயிண்ட் கலரைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார்கள்.

வியாழன் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு விஷயம் புரிந்தது. நாம் சாலையின் இடதுபக்கம் போகிறோம், இல்லையா? இடதுபக்கம் திரும்புகிற கொண்டை ஊசியில் நாம் உள்வளைவில் மாட்டிக்கொள்கிறோம். அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டும், சுவர் மாதிரி நிற்கிறது. வலதுபக்கம் திரும்புகிற வளைவில் வெளிப்புறமாகச் சுற்றுகிறோம், அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம், தண்ணீர்கூடக் குடிக்கலாம். அதனால் இடது வளைவு வருவதற்கு முன்பே, கால் லேசாக இருக்கும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் அழகானதல்ல. வளைவின் நடுவில், முழு பாரத்தையும் பெடலில் போட்டபடி முன் கியரைத் தட்டினேன், செயின் கழன்று விழுந்தது, கால் காற்றில் சுற்றியது, நான் சைக்கிளோடு சாய்ந்தேன். மேலிருந்து வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டு, நான் எழுந்து கை விரலெல்லாம் கருப்பு கிரீஸோடு செயினை மாட்டும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். பஸ் ஜன்னல் முழுக்க முகங்கள்.

சனிக்கிழமை பாதி மலை ஏறி, இறங்கப் பழகினேன். இறக்கம் சும்மா வரும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தபடியே வந்தேன், கீழே நின்றபோது ரப்பர் கருகும் வாசனை. ரிம்மைத் தொட்டால் தோசைக்கல் சூடு. அப்படிச் சூடேறினால் உள்ளே டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்னாலேயே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். தெரிந்துகொண்டேன், ஆனால் கை இன்னும் நம்பவில்லை.

ஞாயிறு. செக்போஸ்ட்டில் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று முதல் கிலோமீட்டரிலேயே இருப்பதில் லேசான கியர். என் பக்கத்தில் ஒரு நாய் கொஞ்ச தூரம் நடந்தே வந்தது. பாட்டி இருந்த இடத்தில் நிற்கவில்லை, கையை மட்டும் ஆட்டினேன். ஒவ்வொரு வளைவுப் பலகையையும் எண்ணிக்கொண்டே போனேன். பத்துக்கு மேல் காற்று குளிர்ந்தது, வாழைப்பழம் ஒன்று, கடலை மிட்டாய் இரண்டு. 17இல் காலில் தசை இழுத்துக்கொண்டது, இறங்கித் தள்ளினேன், எதிரே சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் வாழைப்பழப் பையையே பார்த்தன. அடுத்த வளைவில் மறுபடி ஏறி உட்கார்ந்தேன். ஏரிக்கரை போய்ச் சேர இரண்டு மணி ஐம்பது நிமிடம், தள்ளியதும் நின்றதும் சேர்த்து.

இறங்கும்போது பாட்டியிடம் நின்றேன். "மேல வரைக்குமா போன?" என்றார். ஆமாம் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. கொய்யா ஒரு கிலோ வாங்கினேன், பை இல்லை, ஜெர்சியின் பின்பாக்கெட்டில் திணித்தேன். அடிவாரம் வரை ஒவ்வொரு பிரேக்குக்கும் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.