மூலையில் நின்ற கார்டினல் மீன்

மே 12, களியக்காவிளை

திருவனந்தபுரத்திலுள்ள ஒரு கடையிலிருந்து பாங்காய் கார்டினல் மீன்கள் நான்கை வாங்கி வந்து, என் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் விட்டேன். "கூட்டமா விட்டாத்தான் அண்ணா அழகு, ஒத்தையில ஏங்கிப்போவும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். அவருடைய தொட்டியில் முப்பது இளமீன்கள் சண்டையின்றி நின்றதைக் கண்ட எவரும் நம்பியிருப்பார்கள்.

கடலில் பிடித்தவையா, வளர்த்தவையா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், வளர்த்தவை என்றார். இந்தோனேசியாவில் சுலாவேசிக்குக் கிழக்கே, பாங்காய் தீவுகளையொட்டிய கடலே இவற்றின் பிறப்பிடம். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து செல்லும் பருவம் இவற்றுக்கு இல்லாததால், ஒரு தீவில் பிடித்துத் தீர்த்துவிட்டால் அடுத்த தீவிலிருந்து புதியவை வந்து சேர்வது அரிது. 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிட்டது.

மே 15

உப்படர்த்தி 1.025. கோடைச்சூட்டில் நீர் 29 டிகிரியைத் தொட்டதால், சிறிய மின்விசிறி ஒன்றை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பி வைத்தேன். ஆவியாகும் அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் அடர்த்தி ஏறிவிடும். மீன்கள் நான்கும் பாறை நிழலில் சேர்ந்து நின்று, விளக்கணைந்த பிறகே துணிந்து வெளியே வருவதால், மைசிஸ் இறாலை இரவு எட்டு மணிக்குப் போடுகிறேன்.

மே 29

"மக்கா, அதுல ஒண்ணு மூலையிலயே நிக்குது பாத்தியா?" என்று அம்மாதான் முதலில் கவனித்தாள். வடிகுழாய்க்குப் பின்னால், நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, தலை மேல்நோக்கி நின்றது. கத்தரிக்கோல் போலப் பிளந்திருக்கும் வாலின் ஒரு பாதி நுனி வெட்டுண்டிருந்தது. உடலில் வெண்புள்ளிகள் தெளித்த கறுப்புப் பட்டை வெளிறியிருந்தது. உணவு போட்டதும் அது ஒரு சாண் தூரம் முன்னே வந்தது; உடனே பெரிய மீனொன்று பக்கவாட்டில் பாய, மறுபடி குழாய்க்குப் பின்னால் ஒதுங்கிற்று. கடி விழவில்லை. கடிக்க வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது பயந்து போயிருந்தது.

இப்போது யோசித்தால், கடைத்தொட்டியில் நான் கண்டது கூட்டமன்று, வயதுக்கு வராத பிள்ளைகளின் நெரிசல். பருவமடைந்து இரண்டு மீன்கள் ஒரு ஜோடியாகச் சேர்ந்துவிட்டால் எஞ்சியவை அவற்றுக்கு எதிரிகளே. பவளப்பாறைகளுக்கும், உடலெங்கும் நீண்ட முட்கள் கொண்ட கடலுயிர்களான கடல் முள்ளெலிகளுக்கும் இடையே கூட்டமாக வாழும் அதே மீனுக்கு, துரத்தப்பட்டால் விலகிப் போகக் கடலில் இடமுண்டு. என் தொட்டியின் நீளமோ மூன்றடி.

ஜூன் 1

நான்காவது மீன் இன்று காலை இறந்துகிடந்தது. மூலையில் நின்றதையே கவலைப்பட்டுக் கொண்டிருந்த நான், வால் கிழியாமல் மெலிந்துவந்த இதைக் கவனிக்கவே இல்லை. மூலையில் நின்றதை மாலையில் பாறசாலையிலுள்ள நண்பரிடம் கொடுத்தேன். வேறு கார்டினல் எதுவும் இல்லாத தொட்டி அவருடையது.

ஜூன் 14

இருப்பவற்றில் ஒன்று இரண்டு நாளாக இரையைத் தொடவில்லை. மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததால் நீர் கெட்டதோ என்று அம்மோனியாவைச் சோதித்தேன், பூச்சியம். பிறகுதான் தாடை பை போலத் தொங்குவதையும், வாய் லேசாகத் திறந்தபோது உள்ளே வெளிர் ஆரஞ்சு நிற முட்டைகள் நெருங்கியிருப்பதையும் கண்டேன். முட்டையை வாயில் அடைகாப்பது ஆண். பெண் அருகிலேயே காவல் நிற்கிறது. ஆணையும் பெண்ணையும் தோற்றத்தால் பிரித்தறிய நான் பட்ட பாடெல்லாம் வீண். இந்தத் தாடை ஒன்றே சொல்லிவிட்டது.

முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று வாரமாகும். பொரிந்த குஞ்சுகளையும் மேலும் ஒரு வாரத்துக்கு மேல் அது வாயிலேயே வைத்திருக்கும்.

ஜூன் 20

கறுப்புக் கேபிள் டைகளை ஒரு பிளாஸ்டிக் துண்டில் கட்டிக் கடல் முள்ளெலி போலச் செய்துவைத்தேன். குஞ்சுகள் கடலில் முட்களுக்கிடையேதான் ஒளிந்து வளர்கின்றன. குஞ்சுகளுக்கு இரையாக, ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறாலின் முட்டைகளையும் வாங்கிவிட்டேன்.

பாறசாலை நண்பர் மாலையில் பேசினார். தனியாக விடப்பட்ட மீன் முதல் மூன்று நாள் பாறைக்கடியில் பதுங்கியிருந்ததாம். இப்போது இரவு வரை காத்திராமல் பகலிலேயே நடுத்தொட்டியில் நின்று மைசிஸ் தின்கிறதாம். வால் நுனி வளர்ந்துவருகிறது என்றார்.