நீல லைட்டும் செவப்பு நிலாவும்

பாப்பாவுக்கு இன்னிக்கு 23 நாள். மடியில போட்டுக்கினு ஒரு கையால டைப் பண்றேன், ரெண்டு வாரமா மனசுல ஓடிக்கினு இருந்தத இப்பயாவது எழுதி வெச்சிடணும்.

பிரசவத்துக்கு காட்பாடியில அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன். பொறந்து நாலாம் நாள் காலையில அம்மா பாப்பாவ தூக்கிக்கினு நேரா வாசப்படிக்குப் போச்சு. நல்லா வெளிச்சம் விழற எடத்துல நின்னு மூக்கு நுனிய கட்டைவெரலால லேசா அமுக்கி எடுத்துச்சு. அமுக்கின எடத்துல ரத்தம் வெலகி ஒரு நொடி தோலோட சொந்த நெறம் தெரியும் இல்லையா, அது வெளுப்பா இல்ல, மஞ்சளா இருந்துச்சு. "இன்னாடி இது, நெத்தியிலேர்ந்து வயிறு வரைக்கும் எறங்கிக்கீது, கெளம்பு"ன்னுச்சு. நான் லேப்ல வருஷக்கணக்கா லேசர் வெளிச்சத்தோட வேலை செய்றவ, அந்த மஞ்சள் என் கண்ணுல படல. ரூம்ல மஞ்ச ஸ்க்ரீன், மஞ்ச பல்பு, அதுக்குக் கீழ எல்லா கொழந்தையும் ஒரே நெறமாத்தான் தெரியும். அத அம்மா யோசிச்சிருக்கு, நான் யோசிக்கல. அது இன்னும் எனக்கு உறுத்துது.

எங்க ஆயா, அதான் பாட்டி, கீழாநெல்லி அரைச்சு ஒரு சங்கு குடுக்கலாம்னு சொல்லுச்சு. வேணாம்னு கைய புடிச்சிட்டேன். இத படிக்கிற புது அம்மா அப்பா யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு பச்சப் புள்ளைக்கு அப்படி எதையும் புகட்டாதீங்க. பெரியவங்களுக்கு வர்ற காமாலை வேற, இது வேற. வயித்துக்குள்ள இருக்கறப்ப கொழந்தைக்கு செவப்பணு நெறைய இருக்கும், வெளிய வந்ததும் அதுங்க உடைய ஆரம்பிக்கும், உடைஞ்சா வர்ற மஞ்சப் பொருள்தான் பிலிருபின். அத வெளியேத்தற வேலைய கத்துக்க கல்லீரலுக்குக் கொஞ்ச நாள் ஆகும். முக்கால்வாசி கொழந்தைங்களுக்கு தானா எறங்கிடும், ஆனா அளவு மீறிப் போனா மூளைய பாதிக்கும், அதனால டெஸ்ட் பண்ணிப் பாத்தே ஆகணும். இவளுக்கு பிலிருபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 19 மில்லிகிராம் காட்டுச்சு. 37 வாரத்துலயே பொறந்தவ வேற, ஒடனே அட்மிட் பண்ணிட்டாங்க.

ரெண்டு நாள் நீல லைட்டுக்குக் கீழ கெடந்தா. டயபர் மட்டும்தான், கண்ண வெள்ளத் துணிப் பட்டியால கட்டியிருந்தாங்க, நெஞ்சு மேல நீலமா வெளிச்சம் ஏறி எறங்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பால் குடுக்க வெளிய எடுப்பாங்க, மத்த நேரம் பக்கத்துல ஒக்காந்து பாதத்த புடிச்சிக்கினே இருந்தேன். அந்த நீலத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 460 நானோமீட்டர், என் லேப் லேசருக்கு பக்கத்து வீடு மாதிரி. பிலிருபின் மூலக்கூறு தன்ன தானே மடிச்சு பூட்டிக்கினு இருக்கும், அதனாலதான் தண்ணியில கரையாது. ஒரு நீல போட்டான், அதாவது வெளிச்சத்தோட ஒரு துணுக்கு, வந்து மோதினா அதுல ஒரு பிணைப்பு திரும்பிக்கும், பூட்டு தெறந்துக்கும், அப்பறம் கல்லீரல் அத மாத்தி அமைக்கணும்னு இல்லாமலே பித்தத்துல கலந்து வெளிய போயிடும். ஒரு செகண்ட லட்சம் கோடி துண்டா வெட்டினா அதுல சில துண்டு நேரத்துல இது முடிஞ்சிடுது. மறுநாள் டயபர்ல பச்சையா போனப்ப அம்மா பயந்துச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு, அந்த மூலக்கூறெல்லாம் வெளிய வருதேன்னு.

இத மொதல்ல கண்டுபுடிச்சது என்ன மாதிரி ஒரு ஃபிசிக்ஸ்காரங்க இல்ல. 1956ல இங்கிலாந்து ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில வார்டுன்னு ஒரு சிஸ்டர், குறை மாசக் கொழந்தைங்கள வெயில்ல கொண்டு போய் வெச்சிருக்காங்க. அதுல ஒரு கொழந்தைக்கு ஒடம்பெல்லாம் வெளுத்து, துணியோட முனை மூடியிருந்த முக்கோணம் மட்டும் மஞ்சளாவே இருந்துச்சு, அத டாக்டர்கிட்ட காட்டினாங்க. அப்பறம் ஜன்னலோரம் வெயில்ல மறந்து வெச்ச ஒரு ரத்த சாம்பிள்ல பிலிருபின் நெறைய கொறஞ்சிருந்துச்சு. 1958ல கட்டுரையா வந்துச்சு. அந்த முக்கோணத்த பாத்த கண்ணும், வாசப்படியில மூக்க அமுக்கின கட்டைவெரலும் எனக்கு ஒண்ணாத்தான் படுது. ஆனா அதுக்காக நம்மூர் வெயில்ல கொழந்தைய போட்றாதீங்க, அதுல நீலம் இருக்கற மாதிரி புறஊதாவும் சூடும் சேந்தே வருது, எவ்வளவு படுதுன்னு கணக்கும் இல்ல.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல, 2025 செப்டம்பர் 7 ராத்திரி முழு சந்திர கிரகணம். ஆயா அன்னிக்கு சாயந்திரமே தண்ணிக் கொடத்துல தர்ப்பை போட்டு, கிரகணம் புடிச்சதும் தட்டுல மஞ்சத் தண்ணி ஊத்தி நடுவுல உலக்கைய நிக்க வெச்சிடுச்சு. கிரகணம் புடிச்சா மட்டும்தான் அது தானா நிக்குமாம். பாப்பாவ வெளிய எடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு, நானும் சரின்னுட்டேன், பதினோரு மணி கொசுவுக்கு அவள எதுக்கு மொட்டமாடிக்குத் தூக்கணும். நான் மட்டும் போனேன். 11 மணியிலேர்ந்து 12.22 வரைக்கும் பூமியோட நெழலுக்குள்ள முழுசா இருந்துச்சு, செம்புப் பாத்திரத்த தேய்க்காம வெச்ச மாதிரி ஒரு செவப்பு. செத்த நேரத்துல பின்னாடி படியில சத்தம், பாப்பாவ அம்மாகிட்ட குடுத்துட்டு ஆயாவே ஏறி வந்துடுச்சு.

"ஏண்டி இப்டி செவந்து கீது?"

பூமியச் சுத்தி இருக்கற காத்து வழியா வளைஞ்சு போற வெளிச்சம்தான் அதுமேல படுது, போற வழியில காத்து நீலத்தையெல்லாம் செதறடிச்சிடும், செவப்ப விட நாலு மடங்கு அதிகமா செதறும், மிச்சம் செவப்புதான் போய் சேருதுன்னு சொன்னேன். பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில போட்டாங்களே அந்த நீலமான்னு கேட்டுச்சு. ஆமா ஆயா, அதே நீலம்தான்.

ஜவ்வாது மலையில காவலூர் டெலஸ்கோப்ப பத்தியும் சொன்னேன், 1977ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைக்கப் போன நேரத்துல அந்த நட்சத்திரம் கண் சிமிட்டினத அங்கயும் பதிவு பண்ணாங்க, யுரேனஸுக்கு வளையம் இருக்கறது அந்த மறைப்புலதான் தெரிஞ்சுது. எங்க ஆயா பொறந்ததும் அந்த மலையடிவாரம்தான். ஒண்ணும் பேசாம பாத்துக்கினே நின்னுச்சு.

மறுநாள் காலையில கிரகணமெல்லாம் வுட்டப்பறம் ஆயா கையாலயே உலக்கைய திரும்ப நிக்க வெக்கச் சொன்னேன். அடி தட்டையா இருக்கு, கனம் அதுக்கு நேர் மேல வந்தா நிக்கும், எந்த நாளும் நிக்கும். நின்னுச்சு. ஆயா அத ரொம்ப நேரம் பாத்துட்டு, "அடுத்தது எப்போடி?"ன்னு கேட்டுச்சு. 2026 மார்ச் 3, நிலா மேல வரும்போதே கிரகணம் முடியற நேரமா இருக்கும், சாயந்திரம்தான்னு சொன்னேன். பாப்பாவுக்கு அப்ப ஆறு மாசம் தாண்டியிருக்கும், கழுத்து நின்னிருக்கும்.

"அப்ப நானே தூக்கிக்கினு மேல வரேன்"னு சொல்லியிருக்கு.