ஊதுபத்திக்கு மார்க் போட்ட கதை

மைசூரில் இருக்கும் அக்கா இந்தத் தடவை காரைக்குடி வந்தபோது, மைசூர்பாகு எதிர்பார்த்த எங்களிடம் ஒரு பை நிறைய ஊதுபத்தியை இறக்கிவிட்டாள். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் பத்திக் கம்பெனிதான்; சைக்கிள் பிராண்டே 1948-லிருந்து அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே தம்பி புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்தது, கடைவீதியில் ஆத்தா அவ்வப்போது வாங்கிப் போட்டது எல்லாம் சேர்ந்து சாமி அலமாரியில் சாமிக்கு இடமில்லை. சரி, எரிப்பதுதான் எரிக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் போட்டு எரிப்போமே என்று பழைய டைரி ஒன்றை எடுத்தேன். வீட்டில் வேலை இல்லாதவன் என்ற பெயர் எனக்குப் புதிதல்ல.

முதல் சிக்கல் இடம். வளவில் ஏற்றினால் புகை மேலே திறந்த வானத்துக்கு நேரே போய்விடுகிறது, மார்க் போட வேண்டியது காக்காய்தான். அதனால் வளவை ஒட்டிய உள்ளறை ஒன்றைப் பிடித்தேன். தடித்த சுவர், சின்ன ஜன்னல், இழுத்துச் சாத்தினால் எறும்பு நுழையாத தேக்குக் கதவு. பாட்டன் பூட்டன் பாத்திரம் பண்டம் அடுக்கக் கட்டிய அறை.

விதி வகுத்தது அப்பத்தா. "எரியும்போது எல்லாக் கழுதையும் மணக்கத்தான் செய்யும். அணைஞ்சு போனபெறகு உள்ள போயி மோந்து பாரு." இதைவிட நல்ல விதி எனக்குத் தோன்றவில்லை. ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து மோந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

முதலில் ரோஜா. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பெட்டியில் இருக்கும்போது பன்னீர்ச் செம்பு மாதிரி அப்படி ஒரு வாசம். அணைந்த பிறகு போனால் யாரோ பினாயில் ஊற்றிக் கழுவிய ஆஸ்பத்திரி வராந்தா. குச்சி கன்னங்கரேல் என்று இருந்தால் பெரும்பாலும் கதை இதுதான்: கரித்தூள் அப்பிய வெறும் பத்தியை மொத்தமாகச் செய்துகொண்டு, செண்டில் முக்கி எடுக்கிறார்கள். செண்டைக் கரைக்க டிஇபி என்று ஒரு ரசாயன எண்ணெய் பல இடங்களில் சேர்க்கிறார்கள். செண்டு முதலில் பறந்துவிடும், மிச்சம் கரிதான். இரண்டு மார்க். பெட்டியில் மகாலட்சுமி படம் லட்சணமாக இருக்கிறதே என்று ஆத்தா கூடுதலாக ஒன்று கேட்டார்கள், கொடுக்கவில்லை.

பைனாப்பிள் என்று ஒன்று. "சாமிக்கு ஐஸ்கிரீமா காட்டுறே?" என்றார்கள் அப்பத்தா. பூஜ்யம். அப்பீல் கிடையாது.

மல்லிகைக்கு ஆறு. புதுச்சேரி வெட்டிவேர், கையால் செய்த தாளில் சுற்றியது, ஏழு; மணம் அடக்கமாக இருக்கிறது, ஆனால் அந்தத் தாளுக்கும் சேர்த்து விலை போட்டிருக்கிறார்கள். அக்கா கொண்டுவந்த சந்தனம் மசாலாப் பத்தி, அதாவது செண்டில் முக்காமல், சந்தனத்தூள், வேர், பட்டை எல்லாவற்றையும் பிசினோடு பிசைந்து குச்சியில் உருட்டுவது. சாயங்காலம் ஏற்றியதற்கு மறுநாள் காலையில் கூட அறையில் சன்னமாக மணம் இருந்தது. எட்டரை. ஒன்றரை மார்க் எதற்குக் குறைந்தது என்று அக்கா மைசூரிலிருந்து போன் போட்டுச் சண்டை பிடித்தாள். சாம்பல் பாதியில் உடைந்து ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தது, அதற்குத்தான்.

அப்புறம் நாக் சம்பா. அந்த நீலப் பெட்டி, 1964-ல் தொடங்கிய கம்பெனி. வெள்ளைக்கார ஹிப்பிகள் உலகமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தது. குச்சியை எடுத்தால் மற்றதுபோல விறைப்பாக இல்லை, லேசாகப் பிசுபிசுத்தது, மேலே தூவிய மஞ்சளும் பழுப்புமான பொடி விரலில் ஒட்டியது. ஏற்றினால் அவசரமே இல்லாமல் எரிகிறது. அப்பத்தா உள்ளே வந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இது மட்டிப்பாலுல்ல! ஒங்க அப்பச்சி கைப்புள்ளையா இருக்கையில தலைக்கு ஊத்தி, கங்குல இதைப் போட்டுத்தான் புகை காட்டுவோம்" என்றார்கள். தேடிப் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. நாக் சம்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே மட்டி மரத்துப் பிசின்தான். கன்னடத்தில் ஹால்மட்டி என்கிறார்கள். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு, அதனால்தான் குச்சி பிசுபிசுக்கிறது, நின்று எரிகிறது. ஹிப்பி கொண்டாடியது நம் நாட்டு மருந்துக் கடையில் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. ஒன்பது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செட்டிநாட்டு வீட்டில் பத்திக்கு உண்மையான பரீட்சை அடுப்படிதானே. ஆத்தா நெத்திலிக் கருவாடு வறுத்த அன்று, தேறியவை தேறாதவை எல்லாவற்றிலும் ஒவ்வொன்றை எடுத்து ஒரே நேரத்தில் ஏற்றினேன். மல்லிகை கருவாட்டோடு சேர்ந்து ஒரு மூன்றாவது வாசனையைக் கிளப்பியது, அதை விவரிக்க வேண்டாம். சந்தனம் கொஞ்சம் போராடியது. கருவாடுதான் ஜெயித்தது.

புகை பட்டாலையைத் தாண்டி முகப்பு வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது போல. எதிர்வீட்டு ஆச்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி படியேறி வந்து என்னிடம் மெதுவாக, "என்னப்பா... அப்பத்தா நல்லாத்தானே இருக்காக?" என்றார்கள். இத்தனை பத்தி ஒன்றாக மணந்தால் நம் ஊரில் வேறென்ன நினைப்பார்கள்? உள்ளே ஊஞ்சலில் இருந்து குரல் வந்தது: "நான் இருக்கேன்டி! வா, நீயும் ஒரு மார்க்குப் போட்டுட்டுப் போ."

ஆச்சிக்கு உயிர் வந்தது. காபியைக் குடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாக மூக்குக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் யோசித்தார்கள். சந்தனத்தை ஒதுக்கினார்கள். நாக் சம்பாவை, "மருந்து வாடை" என்று தள்ளினார்கள். கடைசியில் அந்த ரோஜாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இதுதாம்ப்பா பத்தி. பத்துக்குப் பத்து போட்டுக்க" என்றார்கள்.

அப்பத்தா என்னைப் பார்த்தார்கள். நான் டைரியை மூடினேன். ரோஜாப் பெட்டி முழுவதையும் ஒரு பையில் போட்டு ஆச்சியிடமே கொடுத்தனுப்பினோம். மறுநாள் அங்கிருந்து ஒரு தூக்கில் கந்தரப்பம் வந்தது. அதற்கு யோசிக்காமல் பத்து.