வலை இழுக்கலாமா?

சென்னை காசிமேட்டு மீனவர். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வயிற்று ஸ்கேன் எழுதியிருந்தார்கள். கல் இருந்தது, அது பெரிய விஷயமில்லை.

எந்த வயிற்று ஸ்கேனிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவைத் தொப்புள் வரை பார்க்காமல் நான் விடுவதில்லை. கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகும் கிளைகள் கடற்காகம் சிறகு விரித்த மாதிரி பிரியும் இடம் தெளிவாகத் தெரிந்தது, அதற்குக் கீழே முழுக்கக் குடல் காற்று. புரோபை அழுத்திப் பிடித்துக் காத்திருந்த பிறகுதான் முதுகெலும்புக்கு முன்னால் அந்த வட்டம் வந்தது. சுமார் 2 செ.மீ. இருக்க வேண்டியது. கலர் டாப்ளரில் ரத்தம் ஓடும் பாதை ஒல்லியாகத்தான் தெரிந்தது, சுற்றிலும் உறைந்த ரத்தம். அதனால்தான் வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளக்க வேண்டும். 4.7.

"இன்னாம்மா, ரொம்ப நேரமா அங்கியே பாக்குற?" என்றார்.

ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு, அனுப்பிய டாக்டர் சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் கல்லுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு ரிப்போர்ட்டைப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் நிறைய. அதனால் சொன்னேன்: பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, பீடியை விட்டே ஆகணும், பிரஷர் ஏறக்கூடாது, ஆண்களுக்குப் பெரும்பாலும் 5.5 வந்தால்தான் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள், வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும். அப்புறம், "திடீர்னு வயிறோ முதுகோ தாங்க முடியாம வலிச்சா உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க ஐயா."

எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "வலை இசுக்கலாமா?"

"ரத்தக்குழாய் டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க" என்றேன். ஸ்கேன் பார்க்கிறவள் வேறென்ன சொல்ல முடியும்?

பிறகு அவர் மருமகள் ஸ்கேனுக்கு வந்தபோது சொன்னாள். மாமா கடலுக்கே போவதில்லை, இருமக்கூட பயப்படுகிறார், அறுத்துவிடுவார்கள் என்று அந்த டாக்டரிடமும் போகவில்லை. பீடியை மட்டும் விட்டுவிட்டாராம்.

ஸ்டான்லி என்று நான் சொன்னதுதான் அவரைக் கரையில் உட்கார வைத்தது என்று தோன்றுகிறது. அதைச் சொல்லாமலும் இருக்க முடியாது, வெடித்தால் கரையில் இருக்கிறவருக்கே பிழைப்பது கடினம், நடுக்கடலில் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் இந்த அளவில் ஒரு வருஷத்துக்குள் வெடிப்பது அரிது என்பதும் உண்மைதானே? அதை ஏன் அழுத்திச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கடலுக்குப் போய் வந்திருப்பார், பீடியையும் விட்டிருக்க மாட்டாரோ என்னவோ.

அடுத்த ஸ்கேனுக்கு வந்தால் இதையேதான் கேட்பார். 4.7 அப்படியே இருந்தால் போங்க ஐயா என்று நானே சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். அது என் வேலை இல்லை என்பதும் தெரிகிறது.