புளியங்கொட்டைக் கணக்கு

ஆகஸ்ட் 4, திங்கள்
24 வாரம் முடிந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
கி.மு. என்ற கணக்கை ஏற்படுத்தியவர்கள் ஆறு வயதுக் குழந்தையை நினைத்துப் பார்க்கவே இல்லை. 2500 பெரிய எண், 1000 சிறிய எண். பெரியது எப்படி முதலில் வரும் என்று குட்டி மூன்று நாளாக மல்லுக்கு நிற்கிறாள். மொகஞ்சதாரோவுக்குள் காலெடுத்து வைக்க முடியவில்லை.

இன்று அத்தையின் பல்லாங்குழிக் கொட்டைகளை எடுத்துவரச் சொன்னேன். ஒரு கொட்டை ஓர் அம்மா. அடுத்தது அவளுடைய அம்மா. 25 ஆண்டுக்கு ஒன்று என்றால் 4500 ஆண்டுக்கு 180. புளியங்கொட்டை 150தான் தேறியது, மீதிக்குச் சோழி. என் கட்டிலடியில் தொடங்கிய வரிசை சுவரோரமாகப் போய், நிலைப்படி தாண்டிக் கூடத்தில் முடிந்தது. மொகஞ்சதாரோவில் இருப்பவர்கள் எல்லாம் இப்போது சோழி அம்மாக்கள்.

எனக்கு முன்னால் ஒரு கொட்டை வைத்து "இது நான்" என்றாள். பிறகு தேடிப் பிடித்து, உடைந்த பாதிக் கொட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள். "தம்பி. இன்னும் முழுசாக வரவில்லையே."

ஆகஸ்ட் 6, புதன்
கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். டாக்டர் சொன்னதில்லை, அத்தையின் ஏற்பாடு. சிந்துவெளிச் செங்கல் 1:2:4 என்ற அளவில் இருக்கும், கனத்தைப்போல் இரு மடங்கு அகலம், நான்கு மடங்கு நீளம் என்று படித்ததுதான் தாமதம், குட்டி ஸ்கேலோடு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள். 7, 11, 23. "நம்முடையது தப்புச் செங்கல்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி
முத்திரைகளில் இருக்கும் எழுத்தை இதுவரை ஒருவராலும் படிக்க முடியவில்லை என்றேன். யோசித்தாள். "அப்படியென்றால் இதை மட்டும் உன்னால் சத்தமாகப் படிக்க முடியாது." பிறகு அவளே படித்தாள். மீன் குறியில் விரல் வைத்து ஏதோ ஒரு பாஷையில், ஏற்ற இறக்கத்தோடு, நான் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில் அவளும் நிறுத்தி.

எனக்கு இப்போதெல்லாம் நான்கு வரிக்கு ஒரு முறை மூச்சு வாங்குகிறது. அதுதான் படிக்கும் முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி
மாலையில் இரண்டு முறை இறுகியது. அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்
25.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
எகிப்து. மூளையைக் கொக்கியால் மூக்கு வழியாக எடுத்துவிடுவார்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள், எல்லாம் முடிய 70 நாள் ஆகும். குட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? சாப்பாட்டுத் தட்டின் முன் அமர்ந்து அப்பத்தாவிடம் முழுவதையும் ஒப்பித்தாள், மூக்கில் முருங்கைக்காய் வைத்துச் செய்முறை விளக்கத்தோடு. வகுப்பில் பாதிப் பேர் அம்மாவை மம்மி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நாளைக்கு அவர்களுக்கெல்லாம் இருக்கிறது.

அத்தை என்னிடம் வந்து நின்றார். "வாயும் வயிறுமாக இருக்கிறவள் விளக்கு வைத்த நேரத்தில் பிணத்தைப் பற்றிப் படிக்கலாமா?" பதில் சொல்லவில்லை. ராஜாக்கள் பட்டியலைப் படித்தால் குழந்தை கொட்டாவி விடுகிறது. செத்தவர்களை எப்படி வைத்தார்கள் என்றால்தான் எழுந்து உட்காருகிறது. இதற்கு நான் என்ன செய்வது?

ஆகஸ்ட் 14, வியாழன்
இரவு படிக்க வேண்டியதைப் பகலிலேயே ஒரு முறை பார்த்து வைப்பேன். நூலகத்துத் தடிப் புத்தகம் என்பதால் வாக்கியங்களை உடைத்து உடைத்துத்தான் சொல்ல முடியும். துட்டன்காமன். 1922இல் திறந்த கல்லறை. ஒன்பது வயதை ஒட்டி அரசனானவன். கூட வைத்த பொருள்கள் 5000க்கு மேல். தாயம்போலக் காய் நகர்த்தி ஆடும் செனட் பலகைகூட உண்டு. இதுவரை நல்ல பக்கம்.

திருப்பினால் அந்தப் பெட்டி. உள்ளே மிகச் சிறிய இரண்டு சவப்பெட்டிகள். மாதம் நிறையாமல் பிறந்த இரண்டு பெண் சிசுக்கள். பெரியவர்களுக்குச் செய்ததுபோலவே துணி சுற்றி, பொன் பூசிய பெட்டியில். பெயர் எழுதவில்லை.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அசைந்தது. எண்ணினேன். பத்து வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

இரவு இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி
சட்டையில் கொடி, கையில் மிட்டாய், வந்ததும் வராததுமாக: "நேற்று ஏன் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினாய்?" ஒட்டிக்கொண்டது என்றேன். தானே எடுத்துப் புரட்டினாள். நல்லவேளையாக அந்த எழுத்து அவளுக்கு இன்னும் எட்டாது. படத்தைப் பார்த்து, "இது என்ன பெட்டி?"

நகைப்பெட்டி.

"யாருடையது? இவ்வளவு சின்னதாக இருக்கிறதே."

ஆகஸ்ட் 16, சனி
கீழடிக்கு எப்போது போகலாம் என்கிறாள். இங்கிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பிவிடும் தூரம்தான். அங்கே கிடைத்த சில்லுகளை அவள் பார்க்க வேண்டும், நம் வாசலில் ஆடுவதற்கு உடைத்த ஓட்டுச்சில்லு போலவே இருக்கும். தை மாதம் என்று சொல்லிவிட்டேன். தை என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
பாதிக் கொட்டையைக் காணோம். அத்தை பெருக்கித் தள்ளியிருப்பார் என்று ஒரு மூச்சுக் கத்தினேன். பாவம், ஒன்றும் புரியாமல் விளக்குமாறோடு நின்றார். குட்டி தன் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தாள். உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் கொட்டை. எறும்பு தூக்கிப் போய்விடுமாம்.

அவள் தூங்கிய பிறகு எடுத்து வரிசையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்
26. கொட்டை மறுபடி தீப்பெட்டிக்குள்.

ஆகஸ்ட் 20, புதன்
விடியற்காலையிலிருந்து. அவர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். அத்தை பையில் துணி அடுக்குகிறார். குட்டி புத்தகத்தையும் திணிக்கிறாள், கனம் என்றால் கேட்பதில்லை