முட்டை கம்மி என்றார்கள், தைராய்டைப் பார்க்கவில்லை

கல்யாணமாகி 4 வருஷம், எனக்கு வயது 33. திருச்சியில் முதலில் போன இடத்தில் கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், 0.9 என்று வந்தது. "கருமுட்டை இருப்பு கம்மி, தள்ளிப் போடாம ஐ.வி.எஃப். பண்ணிடுங்க" என்று அன்றைக்கே செலவுக் கணக்கைக் கையில் கொடுத்தார்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

எனக்கு 40, 45 நாளுக்கு ஒரு தடவைதான் தலைக்கு ஊற்றுவேன். வந்தால் உதிரப்போக்கு தாங்காது. முடி கொட்டுவது, மலச்சிக்கல், மத்தியானமே கண்ணைச் சொருகும் அசதி எல்லாவற்றையும் வேலைக் களைப்பு என்றே எடுத்துக்கொண்டேன். என் மாமியார்தான், "கழுத்து வீங்கின மாதிரி இருக்கேம்மா, தைராய்டு பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தால் டி.எஸ்.எச். 14.2. தைராய்டு சுரப்பு குறையக் குறைய ஏறும் அளவு அது, எனக்கு ரொம்பவே ஏறியிருந்தது. தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடியும் இருந்தது. ஹஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய் என்றார் புது டாக்டர்.

அவர் பொறுமையாக விளக்கினார். தைராய்டு சுரப்பு குறைந்தால், அதை முடுக்கிவிட மூளை அனுப்பும் சமிக்ஞை, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனையும் ஏற்றிவிடுமாம். அதனால் முட்டை பழுத்து வெளியேறுவது தடைபடும். "மாத்திரை புது முட்டையை உண்டாக்காதும்மா. இருக்கிற முட்டை ஒழுங்கா வெளிய வர வழி பண்ணும்." ஏ.எம்.எச். எத்தனை முட்டை மிச்சம் என்பதற்கான அடையாளம்தான், அதை வைத்து இயற்கையாகக் கரு தங்காது என்று முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னார். முதல் நாளே இதை யாராவது சொல்லியிருந்தால்! ஏ.எம்.எச். எழுதும் சீட்டிலேயே டி.எஸ்.எச்.சையும் எழுத ஒரு வரி போதுமே.

லெவோதைராக்சின் என்கிற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை 75 மைக்ரோகிராமில் தொடங்கினோம். 6 வாரம் கழித்தும் டி.எஸ்.எச். 9-க்குக் கீழே இறங்கவில்லை. மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்! காபி மருந்தைச் சரியாகச் சேர விடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இதையெல்லாம் மாற்றி, 100-க்கு ஏற்றிய பிறகு 2.1 ஆனது. கருவுக்கு முயல்கிறவர்களுக்கு 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது என்றார்.

அடுத்த சில மாதங்களில் சுழற்சி 30 நாளுக்கு வந்தது. முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிகுலர் ஸ்கேனில் முட்டை வெடித்தது தெரிந்தது. ஏ.எம்.எச். மட்டும் 1.0-வில் நின்றது, ஏறவில்லை. அதே 1.0-வோடுதான் ஏழாவது மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது. தைராய்டு மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டில் பார்த்து இரண்டு கோடு தெரிந்த அன்றே, டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தபடி, வாரத்துக்கு 2 மாத்திரை கூடுதலாகப் போடத் தொடங்கினேன். முதல் மூன்று மாதம் பிள்ளை அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளருமாம். இப்போது 22-ஆவது வாரம். 4 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க ரத்தம் கொடுத்து வருகிறேன், கடைசியாக 1.9. பிறந்ததும் பிள்ளைக்கும் டி.எஸ்.எச். பார்க்கணும் என்று ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.